உப்பு மடித்த கடைசித் தாள்

பழைய புத்தகத்தைப் பார்த்தால் என் கால் தானாக நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் மரக்காணத்தில், ஒரு பழைய பேப்பர் கடை வாசலில் நின்றுவிட்டது.

அபத்த நாடகங்கள் எழுதிய ஒரு வெளிநாட்டுக்காரரின் மொத்தப் படைப்புகள், தமிழில். தலையணை சைஸ். அட்டை இல்லை. மூன்றே நாளில் கடைசி நாடகத்துக்கு வந்துவிட்டேன்.

கொட்டுகிற மழையில் ஒருவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான். அடிக்க அடிக்கக் கரைகிறது. திரும்ப அடிக்கிறான். பிரஷைக் கீழே போடுவானா, மாட்டானா... புரட்டினால், கடைசித் தாளைக் காணோம்.

"அர்த்தமே இல்லாத நாடகம்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு முடிவு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அந்த முடிவு வேண்டியிருந்தது. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்பது வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். எழுதுவதும் அடிப்பதுமாக நூறு பக்கத்தைத் தாண்டவில்லை. அவன் பிரஷைப் போட்டால் நானும் பேனாவைப் போட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். அது தெரிகிறவரை தினம் ஒரு பக்கம் எழுதியே தீருவது — இது என் பிடிவாதம்.

மறுநாளே கடைக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"உப்பு ஏஜென்ட் ஒருத்தரு சாம்பிள் மடிக்கத் தாள் கேட்டாரு சார். நடுவுல கிழிச்சா படிக்கிறவங்களுக்குக் கதை புரியாம போயிடும்னு, கடைசியில பார்த்துக் கிழிச்சுக் குடுத்தேன்" என்றார்.

இத்தனை அக்கறையான மனிதரை எப்படிக் கோபிப்பது?

ஏஜென்ட்டைப் பிடித்து விசாரித்தேன். சாம்பிள் போன இடம், கூனிமேட்டில் கருவாட்டுக்கு உப்பு வாங்கும் ஒரு வியாபாரி. பஸ் ஏறிவிட்டேன். வியாபாரி பாய் அலமாரியைத் திறந்து காட்டினார். நூல் சுற்றிய பொட்டலம், மேலே ஏஜென்ட் கையெழுத்து. '(மழை வலுக்கிறது)' என்ற வரி மட்டும் வெளியே தெரிந்தது.

"பிரிச்சுக் காட்டுங்க பாய். தாளைப் படிச்சுட்டுத் தந்துடறேன்."

"அது மட்டும் கேக்காதீங்க சார். லோடு வந்ததும் நானும் ஏஜென்ட்டும் சேர்ந்து நின்னுதான் பிரிப்போம். வந்த உப்பும் சாம்பிளும் ஒண்ணா இருக்குதான்னு பார்க்கணும்ல? நான் தனியா பிரிச்சுட்டா, அப்புறம் என் பேச்சுக்கு என்ன மரியாதை?"

"லோடு எப்ப வரும்?"

"போன வாரம் பேஞ்ச மழையில உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. மறுபடியும் உப்புப் பாத்தியை மிதிச்சுக் கெட்டியாக்குறாங்க. இன்ஷா அல்லாஹ், இருபது நாள்ல வந்துடும்."

திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உப்பளத்தில் ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே மறுபடியும் கறுத்திருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருபதாம் நாள் கூனிமேட்டுக்குப் போனேன். என் வீட்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் இருக்கிறது, போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் தீர்ப்பைக் கேட்க நேரில் போவதுதானே முறை?

முந்தின நாள்தான் நல்ல மழை. என்னைப் பார்த்ததுமே பாய் சங்கடப்பட்டார். "திரும்பவும் கரைஞ்சுடுச்சு சார். இன்னும் இருபது நாள் ஆகும் போல இருக்குது."

என் பையில் புதிதாக எழுதிய இருபது பக்கங்கள் இருந்தன. ஒன்பது வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை.

"அவசரமே இல்லை பாய்" என்றேன்.