சுரண்டாமல் விட்ட கண்கள்

எங்கள் பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராசோடு சேருமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். நான் திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஆயில் பெயின்டில் முகம் வரையப் பழகுவதற்காக, ஒரு பழைய வெளிநாட்டு ஓவியத்தின் அச்சுப்படத்தை வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். முக்காடு போட்ட ஒரு கிழவியின் முகம்.

கட்டம் போட்டு அளந்துதான் வரைந்தேன். அப்படியும் இடது இமை மட்டும் தொங்கிப்போய் வந்தது. அச்சுப்படத்தில் அப்படி இல்லை. திருத்தத் திருத்த மறுபடியும் அதேதான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கத்தியை எடுத்து, காயாத பெயின்டைத் தாடையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன். வாய் போனது. மூக்கும் போனது.

அப்போதுதான் ஊரிலிருந்து நைனா வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உங்கம்மாவ ஏன்டா சுரண்டிக்கினு இருக்கற?"

என் கை அப்படியே நின்றது. அம்மா செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவள் கேமரா முன்னால் நின்றதே இல்லை. அவளுக்கு இடது இமை தொங்கும். அதைப் போய்த் தப்பு என்று நினைத்திருக்கிறேன்.

"மூக்கையும் வாயையும் மறுபடி வரஞ்சிடுடா. ஒரு தரம் பாத்துக்கறேன்" என்றார் நைனா.

எத்தனையோ முறை முயன்றேன். யார் யார் வாயோ வந்தது, அவள் வாய் வரவில்லை. கடைசியில் கண்கள் மட்டும் இருந்த படத்தையே நைனா ஊருக்கு எடுத்துப் போனார். சாகும்வரை அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. அம்மா என்னையே பார்க்கிறாள். பேசத்தான் வாய் இல்லை. அதைச் சுரண்டியது நான்தான்.