ஜெயபாரதியின் இடது திருப்பம்

துபாயில் வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஒரு மாலின் வயிற்றுக்குள்ளே மைனஸ் இரண்டு டிகிரியில் ஒரு வெள்ளை மலை நிற்கிறது. நாற்காலி லிஃப்டில் ஏறி உச்சிக்குப் போய், காலில் ஸ்கீ என்கிற நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு சறுக்கி வருவதற்கு உலகமே அங்கே வருகிறது. வருகிற அத்தனை பேருக்கும் ஒன்பது வருஷமாக ஜாக்கெட்டும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்தவள் திருச்சி ஜெயபாரதி. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். ஆனால் அந்தப் பனியில் ஒரு நாள்கூட அவள் கால் வைத்ததில்லை. பந்தி பரிமாறுகிறவளுக்கு இலை போட யாருக்குத் தோன்றும்?

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜனவரியிலிருந்து ஜாக்கெட் கவுன்டரில் மனிதர்கள் கிடையாது, எல்லாம் மெஷின். விருப்பமுள்ளவர்கள் பனிச்சறுக்குப் பள்ளியில் குழந்தைகளுக்கான உதவியாளராகச் சேரலாம். ஆனால் நவம்பர் முடிவதற்குள், பாதி மலையிலிருந்து விழாமல் வளைந்து வளைந்து இறங்கிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. முடியாதவர்களுக்குக் கணக்கை முடித்து ஊருக்கு டிக்கெட்.

ஜெயபாரதிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கணவன் வாசு சவுதியில், ஜுபைல் பெட்ரோகெமிக்கல் ஆலையில் வேலை. கேம்ப் வாழ்க்கை, குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழியில்லை. மகள் ஷ்ருதி இங்கே இருப்பது தாயின் விசாவில்தான். ஷ்ருதி பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சை. ஜனவரியில் பெட்டி கட்டினால் அந்தப் பெண்ணின் இரண்டு வருஷப் படிப்பு என்னாவது?

"பேரைக் கொடுத்துட்டேன்," என்றாள் கவுன்டருக்கு வந்து.

கூட வேலை பார்க்கும் முகம்மது ரிபாய் சிரித்துவிட்டான். "பாரதிக்கா, உங்களுக்கு டிரைவிங் லைசென்ஸே ஏழாவது டெஸ்ட்ல தான் கெடச்சுது. பனியில எழுபதாவது தடவையா?"

"சிரிடா, சிரி. நாளைக்கு உன் மகனுக்கு நான்தான் கத்துக்கொடுக்கப் போறேன், பாரு."

வாய் வீரமாகத்தான் பேசியது. ஆனால் நாற்பத்து மூன்று வயதில் உடைந்த எலும்பு ஒட்டுமா என்று அன்றைக்கு மத்தியானமே போனில் தேடிப் பார்த்தாள்.

அவளுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவள் கஜந்தினி. வயது இருபத்தாறு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது சுவிட்சர்லாந்தில். நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகியவள்.

"வாங்கோ அன்ரி."

"ஆன்ட்டியா? அக்கான்னு கூப்பிடும்மா. இல்லன்னா கிழிஞ்ச ஜாக்கெட்தான் எடுத்துத் தருவேன்."

"சரி அன்ரி," என்றாள் கஜந்தினி, கண்ணில் குறும்போடு.

தினமும் காலை எட்டு மணிக்கு, வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன் பாடம். முதல் வாரம் முழுவதும் நிற்பதற்கே போனது. சரிவைப் பார்த்தாலே ஜெயபாரதியின் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்த மறுகணம் ஸ்கீ முன்னால் ஓடும். அவள் பொத்தென்று உட்காருவாள்.

"பயம் எண்டால் எல்லாரும் பின்னுக்குத்தான் சாய்வினம் அன்ரி. அப்பிடிச் சாய்ஞ்சால் ஸ்கீ உங்கட சொல்லுக் கேளாது. முழங்காலை மடிச்சு, முன்னுக்குச் சாயுங்கோ. சரிவை நம்புங்கோ."

"சரிவை எப்பிடிம்மா நம்புறது? அது கீழ தள்ளுறதுக்குன்னே இருக்கு!"

ஆனாலும் நம்பினாள். இரண்டாவது வாரத்தில் பின்னால் சாய்வது நின்றது. ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, பீட்சாத் துண்டு மாதிரி வைத்து வேகத்தைக் குறைக்க வந்துவிட்டது. வலது பக்கம் அழகாகத் திரும்பினாள். இடது காலை அழுத்தினால் உடம்பு வலது பக்கம் வளைந்து போயிற்று. அடடா, இவ்வளவுதானா!

இடது பக்கம்தான் எமனாக வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும், திரும்ப ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடியில், வலது ஸ்கீ நேராக ஓடிவிடும். இவள் இடது பக்கம் சரிந்து விழுவாள். பத்துத் தடவை முயன்றால் பத்துத் தடவையும் விழுவாள். கஜந்தினி பூட்ஸை மாற்றிப் பார்த்தாள், ஸ்கீயை மாற்றிப் பார்த்தாள், பின்னாலேயே வந்து அவள் கால்களையே உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"வலது காலிலை ஏதும் நோவோ அன்ரி?"

"காலெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. என் தலையெழுத்துதான் சரியில்ல."

நவம்பர் பதினைந்தாம் தேதி, உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த நேரம் பார்த்து ஜுபைலிலிருந்து வீடியோ கால். பிளான்ட் ஹெல்மெட்டோடு வாசு.

"பாரதி, முடியலன்னா விட்டுடும்மா. கை கால் உடைஞ்சா யாரு பாக்குறது? ஷ்ருதி ஊருக்குப் போய்ப் படிச்சுக்கட்டும்."

"பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கறப்ப ஸ்கூல் மாத்தறதா? நீங்க அங்க அவ்வளவு சூட்டுல நிக்கிறீங்க. நான் இந்தக் குளிர்ல நிக்க மாட்டேனா? விடமாட்டேங்க. விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

வாசு ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையா கண்ணீரா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் இருவருக்கும் விடுமுறை. காலைப் பாடம் முடிந்ததும் கஜந்தினியை அல் கூஸ் பகுதியில் அவள் தங்கியிருந்த அறையில் இறக்கிவிடுவதாகச் சொல்லி, ஜெயபாரதி தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டாள். ஷேக் சாயித் சாலையில் வண்டி வெள்ளம். இடது லேனுக்கு மாற வேண்டும். இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடி பார்த்தாள். பிறகு சர்ரென்று தலையைத் திருப்பி, இடது தோளுக்கு மேலாகப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாறினாள்.

"அன்ரி!" கஜந்தினி போட்ட சத்தத்தில் கார் ஆடிப்போயிற்று. "இப்ப என்ன செய்தனீங்கள்?"

"என்னடி பண்ணேன்? ஃபைன் விழுமா?"

"திரும்பிப் பாத்தனீங்கள்! இடது தோளுக்கு மேலாலை! பனியிலையும் இதைத்தான் அன்ரி செய்யிறியள்! திரும்ப முதல் பின்னுக்கு ஆரும் வருகினமோ எண்டு பாக்கிறியள்!"

ஜெயபாரதி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியேவிட்டாள்.

ஆறு டெஸ்ட். ஆறிலும் அவளை ஒரே காரணத்துக்காகத்தான் ஃபெயில் ஆக்கினார்கள். இடது லேன் மாறும்போது தோளுக்கு மேல் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தத் தேர்வு அதிகாரி, "கலாஸ், மேடம்," முடிந்தது என்று சொல்லி, ஓரங்கட்டச் சொல்வார். ஏழாவது டெஸ்டுக்கு முன்னால் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, நூறு தடவை, இருநூறு தடவை, இடது தோளைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். கழுத்து சுளுக்கிக்கொள்ளும்வரை பழகினாள். அந்தக் கழுத்துக்கு இது சாலையா பனியா என்று யார் சொன்னார்கள்?

"இடது பக்கம் திரும்ப, பாரம் வலது காலிலை நிக்கவேணும்," என்றாள் கஜந்தினி மூச்சுவிடாமல். "நீங்கள் பின்னுக்குப் பாக்கேக்கை உடம்பு முழுக்க இடது பக்கம் சாயுது. வலது கால் சும்மா கிடக்குது. அன்ரி, பனியிலை பின்னுக்கு வாறவைதான் உங்களைப் பாக்கவேணும். உங்கட முகம் நீங்கள் போற இடத்திலை இருந்தால் போதும்."

ஜெயபாரதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் போன டாக்சிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

காரணம் தெரிந்ததும் வியாதி தீர்ந்துவிடுமா? இல்லை. கழுத்து அடம்பிடித்தது. கஜந்தினி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதையாவது ஏந்திக்கொள்வது போல வரச் சொன்னாள். "பெரிய கேக் எண்டு நினையுங்கோ."

கேக் சரிப்படவில்லை. ஷார்ஜாவில் அம்மாவும் மகளும் இருக்கும் கட்டடத்தில் எந்தத் தமிழ் வீட்டில் நிச்சயதார்த்தம் என்றாலும், சீர்வரிசையின் முதல் தாம்பாளம் ஜெயபாரதி கையில்தான். தேங்காயும் பழமும் பூவும் குவிந்த தட்டை ஏந்திக்கொண்டு நடக்கிறவள் தோளைத் திருப்பிப் பார்ப்பாளா? பார்த்தால் தேங்காய் உருளாதா? மறுநாள் காலை பனியில், இல்லாத அந்தத் தாம்பாளத்தை ஏந்தினாள். பார்வை தட்டுக்கு மேலே. இடது பக்கம் தட்டைக் கொண்டுபோனாள், வலது காலில் பாரம் இறங்கியது, ஸ்கீ வளைந்தது. முழுசாக, கோணாமல், இடது பக்கம் வளைந்து நின்றது!

"அம்மாடி!" என்று அவள் போட்ட கூச்சல் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு பதின்மூன்று நாள். விழுந்தாள், எழுந்தாள். முதலில் நான்கு தடவைக்கு ஒரு தடவை விழுந்தாள், பிறகு பத்துக்கு ஒரு தடவைதான்.

நவம்பர் முப்பது, காலை. மாலின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிச் சீருடையில் ஷ்ருதி. கையில் போன், போனில் வாசு, வாசுவுக்குப் பின்னால் ஷிஃப்ட் முடித்த பத்துத் தலைகள். சரிவின் அடியில் தலைமைப் பயிற்சியாளர், ஒரு பல்கேரியாக்காரர், கையில் காகிதத்தோடு.

பாதி மலையில் லிஃப்டிலிருந்து இறங்கி நின்ற ஜெயபாரதி, தாம்பாளத்தை ஏந்துவது போலக் கைகளை நீட்டிக்கொண்டாள். முன்னே சாய்ந்தாள். வலது. சரி. இடது. சரி! வலது. இரண்டு கையும் முன்னால், முகம் நேரே. இன்னும் இரண்டே திருப்பம்.

அடுத்து அகலமாக ஒரு இடது திருப்பம். அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று அவள் வந்துகொண்டிருக்கும்போதே, பனி வாரும் அழகுமலை, டெஸ்ட் முடிந்துவிட்டது என்று நினைத்து, மண்வாரியும் கையுமாக நேர் குறுக்கே வந்து நின்றான்.

"யக்கா! நில்லுங்க யக்கா!"

"நிக்கிறதுக்கு எங்கடா எடம் விட்ட!"

நினைக்க நேரமில்லை. வலது காலை ஊன்றி அழுத்தினாள். இதுவரை போகாத வேகத்தில், இதுவரை திரும்பாத இறுக்கத்தில், உடம்பு இடது பக்கம் வளைந்தது. பனித்தூள் அழகுமலையின் முகத்தில் பொழிந்தது. கழுத்து இம்மியும் பின்னால் போகவில்லை. கடைசி வலது திருப்பத்தையும் போட்டு, பல்கேரியாக்காரருக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அழகுமலையைப் பார்த்தார்.

"அந்த இடது திருப்பம்," என்றார் ஆங்கிலத்தில், "டெஸ்டில் நான் கேட்டதைவிடக் கஷ்டமானது. ஜனவரி முதல் தேதி காலை எட்டு மணிக்கு வா. உனக்கு ஆறு குழந்தைகள்."

கஜந்தினி ஓடிவந்து கட்டிக்கொண்ட வேகத்தில், மலையில் விழாதவள் சமதரையில் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். ஷ்ருதி குதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாலுக்குள் காலை நடைக்கு வந்த ஒரு அரபுப் பெண்மணியின் கையைப் பிடித்து இழுத்து, போனைக் காட்டி, தன் தாயைக் காட்டி, என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஆனால் மகள் தன்னைச் சுட்டிக்காட்டிய அந்த விரலைப் பார்த்ததும் ஜெயபாரதியின் நெஞ்சு விம்மியது.

"எழும்புங்கோ அன்ரி, ஆடை மாத்திட்டு டீ குடிப்பம்."

ஜெயபாரதி எழுந்து பனியைத் தட்டிக்கொண்டாள். லிஃப்டை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலிகள் காலியாக மேலே போய்க்கொண்டிருந்தன.

"டீ எங்கயும் போயிடாதும்மா," என்றாள். "வா, இன்னொரு தடவை போயிட்டு வரலாம். இப்ப வரைக்கும் விசாவுக்காக எறங்கினேன். ஒரு தடவை எனக்காக எறங்கணும்."