தவக்காலத்துக்கு முதல் நாள் ஐஸ்

எங்கள் ஊரில் பனி கொட்டாது, மாரிதான் கொட்டும். கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறிக் கிடக்கும் அந்த மாதங்களில், துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் ஒழுங்கையில் பிரிட்ஜ் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். ஆகவே அது எங்களுடையதாக இருக்கவில்லை. நிலாவெளி மீன், யாரோ சுட்ட மான், நத்தார்ப் பண்டிகைக்கு வெட்டிய மாடு என்று அயலவர் எல்லாரும் கொண்டுவந்து அடைத்தார்கள்.

மாரி ஓய, விபூதிப் புதன் வந்துவிடும். தவக்காலத்தில் வேதக்கார வீட்டில் இறைச்சி கிடக்கக் கூடாது. அதனால் அதற்கு முந்திய நாட்களில் காலையில் பாணோடு மாடு, மத்தியானம் சோற்றோடு மான், இரவில் இரண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ருசி, ஐஸ் ருசி. யேசுநாதரின் நாற்பது நாள் பசிக்கு நாங்கள் முன்கூட்டியே நட்டஈடு எடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் என் ஏழு வயது மகள், தவக்காலத்தில் ஐஸ் தொடமாட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். செவ்வாய் பின்னேரம், கடைசியாக ஒருமுறை என்று, குசினிக்குள் ஸ்டூலில் ஏறி, ஐஸ் தட்டின் சுவரில் படிந்திருந்ததை நேரே நாக்கால் நக்கியிருக்கிறாள். நாக்கு தகரத்தோடு ஒட்டிக்கொண்டது.

மிஞ்சிய இறைச்சியை எடுத்துப்போக வந்து கதைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தாவும் நானும் சத்தம் கேட்டு ஓடினோம். எங்களுக்கு முன்னே என் கணவர். அவர் பள்ளிக்கூட வாத்தியார். எதையும் யோசித்துச் செய்பவர் என்று பெயர். பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அவள் வீரிட்டாள். ஐஸில் சிவப்பாக ஒரு கோடு.

"இழுக்காதீங்க சேர்! நாக்கு கழண்டுரும்!" என்று ராத்தா கத்தினார்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்? அலவாங்கு எடுக்கட்டோ?"

"அலவாங்கா! பேர்த்தெடுக்க இது புள்ளைட நாக்கு சேர், கருங்கல் இல்ல!"

விடிந்தால் பொழுதுபடும்வரை வாய் ஓயாத பிள்ளை அவள். "வாயை மூடடி" என்றுதான் நானும் நாள் முழுக்கக் கத்துவேன். இனி அவள் கதைக்கவே மாட்டாளோ? இன்றைக்கும் பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எழும்பி ஓடுகிறேன். அவள் இப்போது என்னைவிட உயரம்.

ராத்தாவுக்கு ஊற்றிக் கொடுத்த பிளேன்டீ அவர் கையிலேயே இருந்தது. கதை சொல்லும் மும்முரத்தில் அவர் ஒரு மிடறும் குடிக்காததால் அது ஆறி, இளஞ்சூடாகிவிட்டிருந்தது. வாங்கி நாக்கின் மேல் மெல்ல மெல்ல ஊற்றினேன். நாக்கு விடுபட்டது. நுனித் தோல் கொஞ்சம் தகரத்தோடு தங்கிவிட்டது.

"பிள்ளை, வாயைத் திறந்து ஏதாவது கதை."

அவள் விரலால் நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். நான் விடவில்லை.

"அம்மா எண்டு சொல்லு. அப்பா எண்டாவது சொல்லு, என்ர ராசாத்தி."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாக்கு விசர்."

வேறொரு நாளென்றால் அதற்குப் பூவரசங் கம்பு முறிந்திருக்கும். "ஓம் மகள், விசர்தான், முழுப் பைத்தியம்தான்," என்றார் அவர். "இன்னொருக்காச் சொல்லு."

அவள் சொன்னாள். விளக்கெண்ணெய் குடிப்பவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு, மூன்று முறை கேட்டார்.