ஒரே எழுத்துப் பிழை, இரண்டு பிள்ளைகள்: மதுரையிலிருந்து இரணியலுக்கு

கடந்த ஜனவரியில் நாங்கள் இரணியலுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. எங்கள் ஆறு வயது மகள் இனியாவுக்கு இருக்கும் அதே அபூர்வ நோய், அங்கே ஒரு பையனுக்கும் இருப்பது பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் தெரியவந்தது. அவன் பெயர் ஆல்வின், வயது பதினான்கு. எட்டு வருடம் கழித்து இனியா எப்படி இருப்பாள் என்று பார்க்கப் போனோம், அவ்வளவுதான்.

நோயைப் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பெரும்பாலான மரபணுக்கள் புரதம் செய்யக் குறிப்பு கொடுக்குமாம். சில மரபணுக்கள் புரதம் செய்யாமல் ஆர்.என்.ஏ. என்ற நகலாகவே நின்று, மற்ற மரபணுக்களின் குறிப்புகளை வெட்டி ஒட்ட உதவுமாம். அப்படிப்பட்ட ஒன்றில் இனியாவுக்கு டி.என்.ஏ. எழுத்து ஒன்று கூடுதல். முன்பு செய்த சோதனைகள் புரதப் பகுதிகளை மட்டுமே பார்த்ததால், எல்லாம் 'நார்மல்' என்று வந்துகொண்டிருந்தது. எனக்கும் என் கணவர் பிரபுவுக்கும் அந்தப் பிழை இல்லை. அப்புறம் எப்படி வந்தது? தானாக, என்றார் மருத்துவர். அந்த 'தானாக' எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

காலை ரயிலில் நாகர்கோவில். சுமார் ஐந்து மணி நேரம். அங்கிருந்து இரணியல் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறுவது சிரமம் என்று டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் எங்களைக் கன்னியாகுமரிக்கு வந்தவர்கள் என்றே நினைத்து, சூரிய உதயம் பார்க்க எந்த லாட்ஜில் தங்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்களும் மறுக்கவில்லை.

ஆல்வினின் அம்மா ஜெஸி, பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் மஸ்கட்டில். "இஞ்ச வந்து இரிங்க," என்று இனியாவைக் கையில் வாங்கிக்கொண்டார். ஆல்வின் வாசலுக்கும் அடுக்களைக்கும் ஓடிக்கொண்டே இருந்தான். இனியாவுக்கு இன்னும் தனியாக நிற்க வராது. அவன் ஏழு வயதில்தான் நடந்தான் என்று ஜெஸி சொன்னதும் பிரபு என்னைப் பார்த்தார். இனியாவுக்கு இன்னும் ஏழு ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது இனியா டம்ளரைப் பார்த்து "பால்" என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் அது ஒன்று. ஜெஸி அப்படியே நின்றுவிட்டார். ஆல்வின் இதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அவர் அடுக்களைக்குள் போய், திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரே எழுத்துதான், ஆனால் இரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோல இல்லை.

ஜெஸியும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளை இப்படி என்று ஊரே சொல்லியிருக்கிறது. அதன்பிறகு கணவர் வளைகுடாவுக்குப் போனவர், வருவதே குறைந்துபோனது. "இப்ப டாக்டருமாரு, சொந்தத்துல கட்டுனதால இல்லங்காவ," என்றார் ஜெஸி. "சந்தோசப்படணுமா, அழணுமான்னு தெரியல்ல. மஸ்கட்டுல இருக்க அவியகிட்ட எப்படிச் சொல்லதுன்னும் தெரியல்ல."

நான் சொல்லட்டுமா என்று பிரபு கேட்டார். மஸ்கட்டுக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தனக்குத் தெரிந்தவரை தடுமாறித் தடுமாறி விளக்கினார்.  எல்லாவற்றையும் கேட்டு முடித்து ஜெஸியின் கணவர் கேட்டார்: "அப்பம் எம் மேல குத்தமில்லியா?"

ஜெஸி முகத்தைப் பொத்திக்கொண்டார். கணவர் தன்னைக் குற்றம் சொல்லித்தான் விலகிப் போனார் என்று இத்தனை காலமும் ஜெஸி நினைத்திருந்தார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: உங்கள் பிள்ளைக்குப் பழைய சோதனை 'நார்மல்' என்று வந்திருந்தால், மறுபடி பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாகர்கோவிலில் தங்குவது வசதி. பிள்ளை அசந்துபோகும், ஒரே நாளில் திரும்பத் திட்டமிடாதீர்கள்.

எட்டு வருடம் கழித்து இனியா எப்படி இருப்பாள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. போவதற்கு முன்பைவிட இப்போது குழப்பம் கூடியிருக்கிறது. ஆனாலும் மே மாதத்துக்கு மறுபடி டிக்கெட் போட்டிருக்கிறோம். ஜெஸியின் கணவர் ஊருக்கு வருகிறார்.