நோயில்லாத ஆள்

என் அக்கா பதினோரு வருடமாக ஒரே ஒரு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்புக்குள் விடுகிற கதவு அது. ‘போதும், மூடு’ என்று அதற்குச் சொல்ல ஈரலில் ஒரு சின்னப் புரதம் சுரக்கும். சிலருக்குப் பரம்பரையாகவே அது சரியாகச் சுரக்காது. கதவு திறந்தே கிடக்க, இரும்பு ஈரலில் படிந்து படிந்து ஈரலையே கெடுத்துவிடும். அந்தப் புரதத்தைச் சுரக்கவைக்கும் மூலக்கூறு ஒன்று நோயாளிகளிடம் சிதைந்திருக்கிறது என்பது அக்காவின் கணிப்பு. வீட்டுக் கதவைப் பூட்ட மறந்து வேலைக்குப் போகிறவளுக்கு இந்தக் கதவின்மேல் என்ன அக்கறை என்று ஒருமுறை கேட்டேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அக்காவின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேறு பதவி: நோயில்லாத ஆள். மாதம் ஒரு குழாய் ரத்தம் எடுப்பாள். நோயாளிகளின் ரத்தத்தை என் ரத்தத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

“பத்து மாடி மூச்சு வாங்காம ஏறுற ஆளுடா நீ. உன்னைவிட யாரு கிடைப்பா?” என்பாள்.

எனக்கோ ஊசியைக் கண்டாலே உதறல். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வாள். நான் பாதி தாண்டுவதற்குள் ஊசி வெளியே வந்துவிடும். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து விரல் முட்டியெல்லாம் வலிக்கிறது என்று புலம்பினால், “வேலைக்கு மட்டம் போட இது ஒரு சாக்கு” என்பாள்.

நான் ரத்தம் கொடுக்க ஆரம்பித்து மூன்று வருடமாகியும் முடிவு மட்டும் வந்தபாடில்லை. என் ரத்தத்துக்கும் நோயாளிகள் ரத்தத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் ஏதாவது காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

அந்த மாதம் பார்த்து நான் வெளியூர் வேலைக்குப் போய்விட்டேன். வேறு வழியில்லாமல் அக்கா தன் ரத்தத்தையே வைத்துப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் போன் வந்தது.

“டேய், தெரியுதுடா! வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது! நான் சொன்னது சரிடா!”

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்போ இத்தனை நாளா ஏன் தெரியல?” என்று சும்மாதான் கேட்டேன்.

மறுமுனையில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “நாளைக்கே கிளம்பி வா” என்றாள்.

போனதும் பரிசோதித்தார்கள். எனக்கும் அதே நோய்தான். விரல் வலிக்கு ஸ்பேனர் காரணமில்லை. ஈரலில் இரும்பு சேர ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, ஈரல் இன்னும் கெடவில்லை. வாரம் ஒரு பை ரத்தம் எடுத்தால் இரும்பு இறங்கிவிடும், மருந்துகூட வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு குழாய்க்கே உதறியவனுக்கு ஒரு பை!

ஆராய்ச்சி பிழைத்தது. இயக்குநர் கைகுலுக்கியபோதும் அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

“மூணு வருஷம் உன் ரத்தத்தைக் கையில வச்சுக்கிட்டே உன்னைக் கோட்டை விட்டுட்டேனேடா.”

“இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல, விடுக்கா.”

முதல் நாள் நர்ஸ் ஊசியை எடுத்தார். பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பினேன். பக்கத்தில் நின்ற அக்கா எனக்கு முன்னாலேயே திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு.”

ஏழு வரைக்கும் சொன்னாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.