இரண்டு பூச்சுப் பசை

உப்புக்காற்றில் வளர்ந்தவனுக்கு எதையும் ஒரு பூச்சோடு விட மனம் வராது. முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் இரண்டு பூச்சு, சைக்கிள் செயினுக்கு கிரீஸும் இரண்டு பூச்சு. அந்தப் பழக்கத்தைச் சென்னை ஆய்வகத்துக்கும் கொண்டுபோனேன்.

அங்கே நான் அளந்தது அரிசிக் குருணை அளவுள்ள கறுப்புப் படிகங்கள். என்னோடு ஆய்வு செய்த தோழி ஒரு வருடம் உலை முன் தவம் கிடந்து வளர்த்தவை. நன்றாகக் குளிரவைத்தால் அந்தக் கல்லுக்குள் இரண்டு ஒழுங்குகள் மல்லுக்கட்டும். எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையே இல்லாமல் ஓடுவது ஒன்று. வரிவரியாக அணிவகுத்து நின்றுவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் வேண்டியது அதே எலெக்ட்ரான்கள்தான், அதனால் ஒன்று ஓங்கினால் மற்றது ஒடுங்கும். எங்களுக்கு வேண்டியது ஓட்டம். நான் அளந்த நான்கு கல்லிலும் வரிகளே ஜெயித்தன, மின்தடை பூஜ்ஜியத்துக்கு இறங்கவில்லை. ‘படிகம் தரமில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் பொங்கலுக்கு பஸ் ஏறினேன். மிச்சக் கற்களை உருக்கி முதலிலிருந்து தொடங்குவதாக அவள் சொன்னாள். அப்போது அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டில், போன வருடம் குளியலறைத் தகரக் கதவில் நான் ஒட்டிய கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

“ஏலே, நீ ஒட்டுன லட்சணத்தப் பாத்தியா? வெயில் ஏறுனதும் டப்புனு வெடிச்சுட்டு,” என்றாள் அம்மா.

பின்பக்கம் முழுக்கப் பசை, அதுவும் இரண்டு பூச்சு. தகரம் வெயிலில் விரிந்திருக்கிறது. கண்ணாடி அந்த அளவு விரியவில்லை, விலகிக்கொள்ளவும் பசை விடவில்லை. ஆய்வகத்திலும் குளிரவைக்கும் செப்புத் தகட்டில் கல்லை அப்படித்தான் ஒட்டியிருந்தேன். குளிரில் செம்பு கல்லைவிட அதிகமாகச் சுருங்கி அதை நெரித்திருக்கும். வரிகளின் கை ஓங்க அந்தச் சின்ன நெருக்கலே போதும். குற்றம் கல்லில் இல்லை.

கொல்லையில் நின்றபடியே தோழிக்குப் போன் செய்தேன். “கல்லை உருக்கிடாத. தப்பு என் பசையில.”

“நேத்தே உருக்கியாச்சு,” என்றாள். பிறகு, “ஒண்ணே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். உன்னை நம்பி இல்ல, கல்லை நம்பி.”

சென்னை திரும்பியதும் அந்த ஒன்றை ஒரு மூலையில் மட்டும் பொட்டுப் பசை வைத்து ஒட்டினேன். இன்னொரு பூச்சுக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் கணினித் திரையில் மின்தடைக் கோடு சரிந்து பூஜ்ஜியத்தில் படுத்தது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அவள் என் அறிக்கையைத் திறந்து, ‘படிகம் தரமில்லை’ என்ற வரியில் கர்சரை வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.