வற்றிய கிணற்றை எட்டிப் பார்த்த ஷாஹிதா மேடம்

ஷாஹிதா மேடம் இல்லை.

"அக்கா மௌத்தாயிட்டாங்க" என்று காலையில் அவர் தம்பி போன் செய்தார். அரக்கோணத்தில் மெக்கானிக். 

மேடம் புள்ளியியல் ஆலோசகர். காடு, மீன், தண்ணீர்... யார் ஆய்வு செய்தாலும் அந்த டேட்டா உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துச் சொல்வார். திருத்தணியில் எங்கள் சின்ன தண்ணீர்ப் பாதுகாப்பு அமைப்புக்கும் அவர்தான்.

திருவாலங்காடு பக்கம் வருடாவருடம் கிணறுகளை அளந்தோம். கிராஃபில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போனது. எங்களுக்குச் சந்தோஷம். புதிதாக போர்வெல் போடக் காத்திருந்தவர்களுக்கு இன்னும் சந்தோஷம்.

மேடம் மட்டும் ஷீட்டில் காலியாக இருந்த கட்டங்களையே பார்த்தார். "இதெல்லாம் யாரு கெணறுங்க? போய்ப் பாக்கலாமா?"

போனோம். ஒரு கரும்பு விவசாயி தன் கிணற்றைக் காட்டினார். "இது வத்திப்போச்சும்மா. அளக்க வர்றவங்க எட்டிப் பாத்துட்டு அடுத்த கெணத்துக்குப் போயினே இருப்பாங்க."

அவ்வளவுதான் விஷயம். வற்றிய கிணறுகள் ஒவ்வொன்றாகக் கணக்கை விட்டுப் போக, தண்ணீர் உள்ளவை மட்டும் மிஞ்சி சராசரி ஏறியிருக்கிறது!

மேடம் அங்கிருந்து நகரவே இல்லை. முதலில் எப்போது கலங்கியது, பக்கத்து போர் எவ்வளவு ஆழம், அப்போது என்ன பயிர்... கேட்டுக்கொண்டே இருந்தார். "எதுக்கும்மா இவ்ளோ கேக்கறீங்க?" என்றார் அவர்.

"தெரிலங்க. அதான் கேக்கறேன்."

வற்றியவற்றையும் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டபோது கோடு கீழே இறங்கியது.

ஒருமுறை ரயிலிலும் இப்படித்தான். ட்ராக்டர் பின்னால் கொக்குகள் போவதைப் பார்த்துவிட்டு, ட்ராக்டர் இல்லாத வயலில் எத்தனை கொக்கு என்று எண்ண ஆரம்பித்தார். எதிரே இருந்த பூக்காரம்மாவும் சேர்ந்துகொண்டார். தன் பக்க ஜன்னலுக்கு அந்தம்மாதான் பொறுப்பு...

புதிய கிராஃபோடு ஊர்க் கூட்டம் நடந்தபோது மேடம் ஆஸ்பத்திரியில். ஊர் ஏரியை ஒட்டி இனி போர்வெல் வேண்டாம் என்று முடிவானது. சிலர் கோபமாக எழுந்து போனார்கள்.

மறுநாள் ஓடிப்போய், நாம் ஜெயித்துவிட்டோம் என்றேன். மெல்லக் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எழுந்து போனாங்களே... அவங்க என்ன சொன்னாங்க? அத மொதல்ல சொல்லுங்க."

சொன்னேன். பாதியில் கண் அசந்துவிட்டார். மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அரக்கோணத்தில் மாலை அடக்கம். கிளம்பிவிட்டேன்.

அமைதியாகத் தூங்குங்கள் மேடம்...